கிராண்ட் கேன்யனுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தென் விளிம்பிலிருந்து கோவேறு கழுதையில் ஏறி, கொலராடோ ஆற்றங்கரை வரை இறங்கி, ஓரிரவு அங்கே அடியிலுள்ள ஃபேன்டம் ராஞ்ச் என்ற விடுதியில் தங்கித் திரும்ப இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூடவே இரண்டு கேள்விகளும் கேட்டிருந்தாய். பாதாளம் தெரியும் பாதையில் அந்தப் பிராணியை நம்பலாமா என்பது ஒன்று. வாயில்லா ஜீவனின் முதுகில் உட்கார்ந்து அவ்வளவு ஆழம் இறங்கி ஏறுவது பாவம் இல்லையா என்பது மற்றொன்று. ராணுவக் கால்நடை மருத்துவப் பிரிவில் இருந்தபோது சிக்கிம் மலைகளில் கோவேறு கழுதைகளோடு பழகியவன் என்பதால், இவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக நம்பலாம் என்பதுதான். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இதற்கு 63. அதனால் இது பொதுவாக இனம் பெருக்குவதில்லை. ஆனால் தாயிடமிருந்து உடல் வலுவும் நடையும், தந்தையிடமிருந்து குறுகிய கெட்டியான குளம்பும் எச்சரிக்கைக் குணமும் இதற்கு வந்து சேர்கின்றன. மிரண்ட குதிரை முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். கோவேறு கழுதை முதலில் நிற்கும். சிக்கிமில் மண் சரிந்த பாதையை எட்டியதும், முதுகில் முழுப் பொதியோடு அது நின்றுவிடும். காதுகள் இரண்டும் முன்னோக்கி விறைக்கும். மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய் முகர்ந்து, ஒரு முன்னங்காலை மட்டும் வைத்து, எடையை மெல்ல அதன் மேல் சாய்த்துப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கும். இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் அதனோடு மலையேறியவர்களாக இருக்க முடியாது. தன் உயிரைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியும். அதன் முதுகில் நீ இருக்கும்வரை உன் உயிரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அங்கே உனக்கு அச்சமூட்டக்கூடிய இரண்டு பழக்கங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவை பாதையின் உட்புறச் சுவரை ஒட்டி நடக்காமல் வெளிவிளிம்பை ஒட்டியே நடக்கும். இரு பக்கமும் பொதி தொங்கும் விலங்கு சுவரோரமாகப் போனால் பொதி பாறையில் இடிக்கும். இடித்த வேகத்தில் அதுவே வெளிப்பக்கம் தள்ளப்படும். அதனால் எட்டி நடக்க அது பழகிக்கொள்கிறது, பொதி இல்லாமல் ஆளை ஏற்றிச் செல்லும்போதும் அந்த வழக்கம் மாறுவதில்லை. உன் வலது காலோ இடது காலோ வெற்று வெளியின் மேல் தொங்குவதாக உனக்குத் தோன்றும். அந்த நேரத்தில் கடிவாளத்தை இழுத்து அதைச் சுவர்ப்பக்கம் திருப்ப முயலாதே. அதன் கவனம் கால் வைக்கும் இடத்தில் இருக்கும்; நீ இழுத்தால் தலை திரும்பும், தலை திரும்பினால் கவனம் சிதறும்.

இரண்டாவது பழக்கம் இன்னும் விநோதமானது. இளைப்பாற வழியில் நிறுத்தும்போது, ஒவ்வொரு விலங்கையும் பள்ளத்தைப் பார்த்தபடி திருப்பி நிறுத்தச் சொல்வார்கள். அதன் முகம் ஆழத்தின் பக்கம் இருக்கும், வால் சுவரின் பக்கம் இருக்கும், நீ அதன் கழுத்துக்கு மேலாக நேரே கீழே பார்த்துக்கொண்டிருப்பாய். இது பயணிகளுக்குக் காட்சி காட்டுவதற்காகச் செய்வது அன்று. கண்ணுக்கு எதிரே தெரியும் விளிம்பைத் தாண்டி எந்தக் கோவேறு கழுதையும் அடி வைக்காது. பின்புறம் விளிம்பு இருந்தால், ஏதோ ஒன்றுக்கு மிரண்டு பின்வாங்கும்போது தவறி விழக்கூடும். ஆகவே ஆபத்து அதன் கண்முன்னே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது, அந்த முறையை வகுத்தவர்கள் இந்த விலங்கின் மனத்தை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குப் புரிந்தது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று உண்டு. முன்னே போகும் விலங்குக்கும் உன்னுடையதற்கும் இடையே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தை விட்டுப் பிரிய அதற்கு மனம் இருக்காது. பின்தங்கினால் திடீரென்று ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளப் பார்க்கும், வளைவான இறக்கத்தில் அந்த ஓட்டம்தான் ஆபத்து. அதற்காகவே கையில் சிறு சாட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைப் பயன்படுத்தத் தயங்காதே; தசை நிறைந்த பின்புறத்தில் லேசாகத் தட்டினால் வலிக்காது, அது வேகமாக நட என்ற சொல் மட்டுமே. உனக்கு இரக்க மனம் என்று தெரிந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி பாவம் பற்றிய கேள்வி. பாரம் சுமப்பது மட்டும் கொடுமையாகிவிடாது; அளவுக்கு மீறிய பாரம், புண்ணோடு சுமக்க வைத்தல், ஓய்வும் தண்ணீரும் மறுத்தல் ஆகியவையே கொடுமை. ஃபேன்டம் ராஞ்ச் பயணத்துக்கு, உடுத்திய உடையும் கையில் உள்ளவையும் சேர்த்து ஒருவரின் எடை 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. விளிம்பிலேயே சுற்றிவரும் இரண்டு மணி நேரச் சவாரிக்கு 225 பவுண்டு வரை அனுமதிக்கிறார்கள். சவாரி விலங்கு தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது எங்கள் துறையில் பொதுவான கணக்கு. 450 கிலோ எடையுள்ள கோவேறு கழுதைக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கே 90 கிலோதான், அதற்கு மேல் சேணத்தின் எடை வேறு இருக்கிறது. எனவே அந்த எண்ணை எட்டிப்பிடிக்க வேண்டிய அளவாக நினைக்காதீர்கள். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்: குளிராடையும் காலணியும் போட்டுக்கொண்டு ஒருமுறை வீட்டிலேயே எடை பார்த்துக்கொள்ளட்டும். அங்கே புறப்படும் முன் தராசில் நிறுத்துகிறார்கள், அதில் தயவு காட்டுவதில்லை, காட்டாதிருப்பதுதான் சரி. ஏறும் முன் சேணத்தின் அடியில் விரித்திருக்கும் துணி மடிப்பில்லாமல் இருக்கிறதா, வயிற்று வார் கட்டும் இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறதா என்று நீயே பார். ஐயம் இருந்தால் வழிகாட்டியிடம் கேள். நல்ல வழிகாட்டி அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேரன் தானும் வருவேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். ஒன்பது வயதும் 57 அங்குல உயரமும் நிறைந்தவர்களைத்தான் ஏற்றுவார்கள். சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் எட்டாத குழந்தையால் இறக்கத்தில் உடலைத் தாங்கிக்கொள்ள முடியாது. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளச் சொல்.

வழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பயணம் இன்னும் பொருளுள்ளதாக இருக்கும். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கி, தெற்கு கைபாப் பாதையில் ஏறுவதே வழக்கம். விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஃபேன்டம் ராஞ்ச் 750 மீட்டரில். இறங்க ஐந்தரை மணி நேரம், மறுநாள் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். பிரைட் ஏஞ்சல் பாதை நிலப்பிளவு ஒன்றை ஒட்டி இறங்குகிறது. முதலில் அப்பகுதியின் பூர்வகுடிகளான ஹவாசுபாய் மக்களின் தடமாக இருந்த அதை, ரால்ஃப் கேமரன் என்பவர் செப்பனிட்டுத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, இறங்குபவரிடம் ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்தார். 1919-இல் தேசியப் பூங்கா அமைந்த பின்னும் அந்தப் பாதை அதன் கைக்கு வரவில்லை. அந்தச் சுங்கத்தைத் தவிர்க்கவே பூங்கா நிர்வாகம் 1924-25-இல் தெற்கு கைபாப் பாதையை வெட்டியது. பிரைட் ஏஞ்சல் 1928-இல்தான் பூங்காவிடம் வந்தது. பாதி வழியில் மரநிழலும் நீரும் உள்ள இடத்தின் பெயர் 2022-இல் ஹவாசுபாய் தோட்டம் என்று மாற்றப்பட்டது. அங்கே பயிர் செய்து வாழ்ந்த அந்த மக்களைப் பூங்கா வெளியேற்றியது என்பதை இறங்கி நிற்கும்போது நினைத்துக்கொள்.

ஆற்றின் மேலுள்ள கைபாப் தொங்கு பாலத்தைக் கோவேறு கழுதையிலேயே கடப்பீர்கள். 1928-இல் கட்டி முடித்த பாலம் அது. பாலத்தின் மற்ற பாகங்களையெல்லாம் கோவேறு கழுதைகள் சுமந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடையும் மிகுந்த நீளமும் கொண்ட முதன்மைக் கம்பிவடங்களை மட்டும் எந்த விலங்கின் முதுகிலும் ஏற்ற வழியில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட ஹவாசுபாய் ஆண்கள் வரிசையாகத் தோள் கொடுத்து, அந்த வளைவுகளில் ஒவ்வொரு வடமாக இறக்கினார்கள். ஃபேன்டம் ராஞ்சின் கல் குடில்களை வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர் என்ற பெண்மணி; 1922-இல் கட்டியவை. அங்கே நீங்கள் உண்ணும் உணவும் கோவேறு கழுதை முதுகில் வந்ததே, அங்கே சேரும் குப்பையும் அதே முதுகில்தான் மேலே போகும். ஆகவே தேவையில்லாததைக் கீழே கொண்டுபோகாதே.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கழுத்தில் வார் கட்டிய தொப்பி, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். முதுகுப் பை அனுமதியில்லை. தாகம் எடுக்கும் முன்பே குடி. மேலே குளிர்ந்தாலும் கீழே வெயில் கடுமையாக இருக்கும். இறங்கும்போது குதிகாலைத் தாழ்த்தி, உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து உட்கார். ஏறும்போது முன்னுக்குச் சாய்ந்து அதன் பின்னங்கால்களுக்குச் சுமை குறையும்படி இரு. நடந்து வருபவர்கள் வழிவிட்டு உட்புறம் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் கடந்து போ. மேலே வந்து இறங்கியதும் தொடையும் முழங்காலும் மரத்துப்போயிருக்கும், உடனே காரில் ஏறி உட்காராமல் சிறிது நேரம் நடந்துவிட்டுப் புறப்படுங்கள். உனக்குக் கிடைத்த விலங்கின் வயது, குளம்பில் லாடம் அடித்திருந்த விதம், இறக்கத்தில் அது கால் வைத்த முறை ஆகியவற்றை விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா