பிள்ளைகளுக்கு இடமில்லாத விடுதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குத் தரகர் பயிற்சியில் இருந்தபோதே வீடில்லாமல் மகனோடு அலைந்த கிறிஸ் கார்ட்னரின் உண்மைக் கதையான 'தி பர்சூட் ஆஃப் ஹேப்பினெஸ்' (2006) படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, விடாமுயற்சியைப் போற்றியதோடு நின்றுவிட்டது. இளைஞர் கூட்டங்களில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறவர்கள், அது உண்மையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதையும் சொன்னால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கு உதவியாக இருக்கும்.

படத்தில் வில் ஸ்மித் நடித்த கிறிஸ் கார்ட்னருக்கு ஆறு மாதப் பயிற்சியில் சம்பளமே இல்லை. மகனுக்கு வயது ஐந்து. உண்மையில் டீன் விட்டர் என்ற பங்குத் தரகு நிறுவனம் பயிற்சிக் காலத்தில் ஒரு சிறு தொகை கொடுத்தது. பையனோ நடை பழகும் குழந்தை. பிறகு ஏன் தெருவுக்கு வந்தார்? அவர் தங்கியிருந்த மலிவு விடுதியில் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. குழந்தையை வளர்க்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்ததும் கூரை போயிற்று. வாங்கிய பணத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் டயப்பருக்கும் போக, புது வீட்டுக்கு முன்பணம் சேரவில்லை. ரயில் நிலையக் கழிப்பறையில் படுத்த இரவுகளுக்குக் காரணம் இந்தக் கணக்குதான், சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. படம் இதைத் தொடவே இல்லை என்பது என் குறை.

படம் சரியாகக் காட்டுவது நேரக் கணக்கை. மற்றவர்கள் ஒன்பது மணி நேரத்தில் முடிப்பதை அவர் ஆறில் முடிக்க வேண்டும். மாலை ஐந்துக்குள் வீடற்றோருக்கான கிளைட் தேவாலயத் தங்குமிட வரிசையில் நிற்காவிட்டால் படுக்கை கிடைக்காது. அதனால் ஒரு அழைப்பு முடிந்ததும் ரிசீவரை வைக்காமல் அடுத்த எண்ணை அழைக்கிறார். நாளுக்கு எட்டு நிமிடம் மிச்சம். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று அதையும் விட்டுவிடுகிறார். (கடைசிக் காட்சியில் கோட்டு சூட்டோடு எதிரே நடந்து போகிறவர்தான் நிஜக் கார்ட்னர், பலர் கவனிப்பதில்லை.)

இனி நம் ஊர் நிலவரம். தென் ஆப்பிரிக்காவில் பிள்ளைக்கான கிராண்ட் (அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) அம்மாவுக்கு மட்டும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பிள்ளையை யார் கவனித்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் அது. 2025 ஏப்ரலில் மாதத் தொகை 560 ரேண்ட். தனியாக இருப்பவரின் மாத வருமானம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. அப்பாக்களின் மனு பெரும்பாலும் சிக்குவது ஒரே இடத்தில்: பிள்ளை அப்பாவிடம் இருக்கும், கிராண்டோ பழையபடி அம்மா பெயரில் போய்க்கொண்டிருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேருக்குத் தர மாட்டார்கள். காவல் நிலையத்தில் காசில்லாமல் எடுக்கும் பிரமாணப் பத்திரத்தையும், பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று பள்ளியோ குழந்தைக் காப்பகமோ தரும் கடிதத்தையும் முதல் தடவையே, கிராண்ட் வழங்கும் அரசு அமைப்பான சாஸ்ஸாவுக்குக் கொண்டுபோனால் அலைச்சல் குறையும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் எப்படியும் வேண்டும்.

அந்தப் பிறப்புச் சான்றிதழே முன்பு பெரிய முடிச்சு. மணமாகாத அப்பா, அம்மா இல்லாமல் தன் குடும்பப் பெயரில் குழந்தையைப் பதிய முடியாமல் இருந்தது. அந்தச் சட்டப் பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் செல்லாது என்றது. பிறப்பைப் பதியும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகக் கவுண்டரில் 'அம்மாவை அழைத்து வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி மேலதிகாரியைக் கேட்கலாம்.

இன்னொன்று: கிராண்ட் மனு கொடுத்த தேதியிலிருந்துதான் கணக்கு, அதற்கு முன்னால் கழிந்த மாதங்களுக்குப் பணம் வராது. அதனால் தேதி போட்ட ரசீதை வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்