ஆசிரியருக்கு: பூட்டிக்கிடக்கும் அந்த வீடு யாருடையது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த போர்த்துக்கல் பயணக் கட்டுரையில், "நாடு விட்டு நாடு போவது போர்த்துக்கேயரின் இரத்தத்தில் ஊறிய குணம்" என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்திலேயே, முகப்பில் ஓடு பதித்து, யன்னல்களெல்லாம் அடைபட்டுக் கிடக்கும் மாடி வீடு ஒன்றின் படம். அதன் கீழே "வாரிசின்றிக் கைவிடப்பட்ட பிரபுவின் மாளிகை" என்று போட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகத் தங்கள் இதழைச் சந்தா கட்டி வாசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மனம் நொந்துபோனேன்.

அந்த மாதிரி வீட்டை எந்தப் பிரபுவும் கட்டவில்லை. பிரான்சில் கொங்கிரீட் குழைத்தவரும் மாடிப்படி கழுவியவரும் கட்டினார்கள். வட போர்த்துக்கல் கிராமங்களில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். தங்கள் கட்டுரையாளர் ஓகஸ்ட் மாதத்தில் போயிருந்தால், யன்னல்கள் திறந்திருப்பதையும் வாசலில் பிரெஞ்சு இலக்கத்தகடு போட்ட கார் நிற்பதையும் கண்டிருப்பார். ஒரு மாத விடுமுறைக்காக மற்றப் பதினொரு மாதமும் பூட்டி வைக்கும் வீடு அது.

எங்கள் தொடர்மாடியில் கொன்சியேர்ஜாக, அதாவது கட்டடக் காவற்பணியாளராக, இருந்த அம்மா வட போர்த்துக்கலின் மினோ பகுதிக்காரர். தரைத்தளத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். விடியுமுன் குப்பைத்தொட்டிகளை வீதிக்கு இழுப்பார், கடிதங்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார், மாலையில் அலுவலகங்களில் நிலம் துடைக்கப் போவார். அப்படி அவர் ஊரில் எழுப்பிய வீட்டின் படம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருந்தது. அருகில் இன்னொரு படம்: கணவரின் இளவயது முகம், நெற்றியிலிருந்து நாடிவரை கிழித்து மறுபடி பசை போட்டு ஒட்டியது. அந்நாளில் களவாக எல்லை தாண்டுகிறவர் பாதிப் படத்தை வீட்டில் விட்டு, மறுபாதியைத் தன்னோடு கொண்டுபோவார். ஸ்பெயினைக் கடந்து, பிரனீஸ் மலை ஏறி, பிரான்சில் உயிரோடு கால் வைத்தபின் தன் பாதியை ஊருக்கு அனுப்புவார். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கூட்டிப்போனவனுக்கு வீட்டார் மீதிக் காசைக் கொடுப்பார்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த தமிழராகிய எங்களில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் ஊறிய குணத்துக்காகவா ஒரு மனிதர் தன் முகத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு புறப்படுவார்?

காரணங்கள் ஆசிரியராகிய தாங்கள் அறியாதவை அல்ல. வடக்கே காணி தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, ஒரு குடும்பத்துக்கும் போதாத துண்டுகளாகிவிட்டது. தெற்கே அலென்தெஜோவில் பெருநிலக்கிழார்களின் பண்ணைகளில் நிலமற்ற கூலிகள். சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியில் கூலியும் குறைவு, வாய் திறக்கவும் முடியவில்லை. 1961இல் போர்த்துக்கலின் ஆபிரிக்கக் காலனியான அங்கோலாவில் தொடங்கிய விடுதலைப் போர் மற்றக் காலனிகளான கினியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவியபோது, இளைஞர்கள் நான்கு ஆண்டுவரை இராணுவத்தில் கிடக்க வேண்டியதாயிற்று. 1960க்கும் 1974க்கும் இடையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருந்த நாட்டில், 1960இல் சுமார் 89 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1970 கணக்கெடுப்பில் சுமார் 86 இலட்சமாக இறங்கியது. அனுமதியின்றி வெளியேறுவதைக் குற்றமாக்கிய அதே அரசு, அவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டுதான் வணிகப் பற்றாக்குறையை அடைத்தது.

நான் வசிக்கும் பாரிஸ் புறநகரான ஷம்பினியில் அப்போது போர்த்துக்கேயரின் குடிசைப் பகுதி இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தகரமும் பலகையும் அடித்த கூரைகளின் கீழ், சேற்றில் வாழ்ந்தார்கள். 2016 ஜூன் மாதம் போர்த்துக்கல் ஜனாதிபதியும் பிரதமரும் நேரில் வந்து, அம்மக்களுக்கு உதவிய நகரபிதா லூயி தலமோனிக்கு நினைவுச்சின்னம் திறந்துவைத்தார்கள். அதைப் பற்றி அன்றே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குமுன் லிஸ்பனில் வீடு வாங்கி 'பொன் விசா' பெறுவது எப்படி என்று விளக்கத் தங்களுக்கு இடம் இருந்தது. அந்த விசா தொடங்கிய 2012ஆம் ஆண்டில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்த்துக்கேயர் நாட்டை விட்டுப் போனார்கள். 2011இல் 7,800 கோடி யூரோ கடனுக்குக் கைநீட்டிய நாடு அது. சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. வேலையில்லாத ஆசிரியர்கள் பிரேசிலையும் அங்கோலாவையும் பார்க்கலாம் என்று அன்றைய பிரதமர் பஸ்ஸோஸ் கோயல்யோவே சொன்னார். கொன்சியேர்ஜ் அம்மாவின் தங்கை மகள் தாதிப் பட்டத்தோடு பாரிஸ் வந்து, முதல் குளிர்காலம் முழுவதும் அந்த ஒற்றை அறையின் சோபாவில்தான் படுத்தார். வேலை வாய்த்ததும் இங்கிலாந்துக்குப் போனார்.

இன்னொன்றும் நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது. தோட்டத் தொழிலாளர் பற்றிய தங்கள் சிறப்பிதழில், தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன போர்த்துக்கேயரை "வெள்ளை முதலாளிகள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருந்தீர்கள். போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதெய்ரா தீவின் ஏழைகள் அங்கு 1835இலேயே கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். இந்தியக் கூலிகள் வந்தது 1838இல். மதராஸிலிருந்து தமிழர்கள் அதற்கும் பின்னர். போர்த்துக்கேயரில் பலர் பிற்காலத்தில் கடை முதலாளிகளானது உண்மைதான். அதற்காக முதல் கப்பலில் வந்தவர்களின் பசி பொய்யாகிவிடாது. மதெய்ராவைத் தாங்கள் மறுபடி நினைத்தது ரொனால்டோ பிறந்த ஊர் என்பதற்காக மட்டுமே.

புலம்பெயர்ந்தவர்களின் சந்தாவில் நடக்கும் பத்திரிகை இன்னொரு இனத்தின் புலம்பெயர்வை இப்படி எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை "ஓடிவருவது தமிழரின் குணம்" என்று எழுதினால், தாங்கள் தலையங்கம் தீட்டியிருப்பீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்தப் படத்தின் குறிப்பை மட்டும் திருத்தி, அது புலம்பெயர்ந்த தொழிலாளர் கட்டிய வீடு என்று போடுங்கள். இக்கடிதம் நீளம் என்று வெட்டுவதானால் ரொனால்டோவையும் பொன் விசாவையும் வெட்டுங்கள். கிழித்த படத்தைப் பற்றி எழுதியதை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
ஷம்பினி, பிரான்ஸ்