ஏஎஸ்ஏபி போட்டு மெயில் அனுப்புற மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேனேஜர்களே, டீம் லீடுகளே, வணக்கம்.

மெயில் கடைசில தட்டிவிடுறீங்களே ஏஎஸ்ஏபின்னு, அதப் பத்திதான். அஸ் சூன் அஸ் பாசிபிள், முடிஞ்ச அளவு சீக்கிரம். 1950கள்லயே அமெரிக்க ராணுவத்துல புழங்கின சுருக்கம், இப்ப எல்லா ஆபீஸ்லயும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், ஆனா அந்த 'முடிஞ்ச அளவு' யாரோட அளவுங்கிறதுதான் தகராறே. நீங்க 'இப்பவே'ன்னு நெனச்சு அனுப்புறீங்க, நாங்க 'கையில இருக்குறத முடிச்சுட்டு'ன்னு படிக்கிறோம், ரெண்டு மணி நேரத்துல 'எனி அப்டேட்?'னு வந்து நிக்கிறீங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்ப மூடப் போற நேரத்துல, சிவப்பு ஆச்சரியக்குறியோட ஒரு மெயில் வரும். சனிக்கிழமை உக்காந்து முடிச்சு அனுப்பினா திங்கக்கிழமை மதியம் வரைக்கும் அந்த ஃபைல ஒருத்தரும் திறக்கல, ஷேர்டு டிரைவ்ல பாத்தாலே தெரியுது. இப்படி நாலு தடவை நடந்தா அஞ்சாவது தடவை நிஜமாவே தலைபோற வேலை வந்தாலும் எவனும் அசைய மாட்டான்.

அதே ராணுவத்துல செய்திகளுக்கு ரொட்டீன், ப்ரையாரிட்டி, இமீடியட், ஃப்ளாஷ்னு நாலு படி வெச்சிருக்காங்க. கப்பல், விமான ரேடியோல உயிருக்கு ஆபத்துன்னாதான் 'மேடே', அவசரம் ஆனா உடனடி ஆபத்து இல்லன்னா 'பான்-பான்', எதுவானாலும் மூணு தடவை சொல்லணும். சும்மா மேடே கூப்பிட்டா பல நாடுகள்ல கேஸ் போடுவாங்க. (அந்தச் சட்டம் ஆபீஸுக்கு வேணாம், பாதி கேபின் காலியாயிடும்.)

நாங்க கேக்குறது ரொம்ப சின்ன விஷயம், நேரத்தப் போடுங்க. 'புதன் மதியம் 3 மணிக்குள்ள வேணும், 4 மணிக்கு க்ளையன்ட் கால்'னு எழுதினா போதும், காரணம் தெரிஞ்சா நாங்களே ஓடுவோம். அதோட, ஏற்கனவே நீங்களே குடுத்த மூணு வேலைல எத நிறுத்தணும்னும் சொல்லிடுங்க. ஈஓடி, அதாவது எண்ட் ஆஃப் டே, இன்னைக்கு நாள் முடியுறதுக்குள்ளன்னு போடுறவங்களுக்கும் இதேதான், நீங்க ஒரு டைம் ஸோன்ல நாங்க ஒரு டைம் ஸோன்ல, யாரோட நாள் முடியுறதுக்குள்ளன்னு எப்படித் தெரியும்?

ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லன்னா அதையும் தைரியமா எழுதுங்க. நாங்க தள்ளிப்போட மாட்டோம். சரி, கொஞ்சம் தள்ளிப்போடுவோம், ஆனா சொன்ன நாளுக்கு வந்துடும்.