கோயம்பேட்டு அண்ணனுக்கு நன்றி

நேத்து விடியற்காலை கோயம்பேடு மார்க்கெட் வாசல்ல என் பழைய பெட்ரோல் ஜீப் டிரக் படுத்துடுச்சு. செல்ஃப் சுத்துது, பிளக்ல ஸ்பார்க் துளியும் இல்ல. ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏத்துற காயில்தான் போச்சுன்னு, புதுசு வாங்க புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பிட்டேன். தக்காளிக் கூடை இறக்கிட்டிருந்த நீங்கதான் தடுத்தீங்க.

12 வோல்ட் பல்போட ஒரு வயரைக் காயில் மைனஸ்ல, இன்னொன்னை பாடியில வெச்சு, "செல்ஃப் அடி தம்பி"ன்னீங்க. மினுக் மினுக்குன்னு வரவேண்டிய பல்பு விடாம எரிஞ்சுது. "காயிலுக்குக் கரண்ட் வருது, அதைச் சேர்த்துப் பிரிக்கிற பாயின்ட்தான் சேரல"ன்னீங்க. பாயின்ட் உள்ள இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினா, பாயின்ட் முகம் கருகிக் கிடந்துச்சு. உப்புத்தாள்ல தேய்ச்சு, என் டூல்பாக்ஸ்ல சும்மா கிடந்த, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு 0.4 மி.மீ. இடைவெளி வெச்சதும் பளிச்சுன்னு நீல ஸ்பார்க்!

நீங்க சொன்ன மாதிரி, பாயின்ட் கருகாம காக்கிற கண்டென்சரை இன்னைக்கு மாத்திட்டேன். டீக்குக்கூடக் காசு வாங்கல, நானும் பேர் கேக்கல. ரொம்ப நன்றிண்ணே.