பேட்டரியைக் கழற்ற முடியுமா என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் புதிய கைப்பேசி அறிமுகப் பகுதியை எங்கள் வீட்டில் முதலில் படிப்பவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் பேரன். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறதா, கேமரா 108 மெகாபிக்சலா, எந்தச் சிப் எதை மிஞ்சும் என்றெல்லாம் கூட்டாளிகளுடன் திண்ணையில் வாதாடி ஓய்ந்த பிறகே தாள் என் கைக்கு வருகிறது. குறுவைக்கு ஆடுதுறை 43, சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்று நெல் ரகங்களைப் பற்றி நாங்கள் வரப்பில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிய அதே நுணுக்கத்தை அந்தப் பிள்ளைகளிடம் காண்கிறேன். ஆனால் அவர்கள் பேச்சிலும், தங்கள் பகுதியிலும், பேட்டரி போனால் மாற்ற முடியுமா என்ற கேள்வி மட்டும் இதுவரை வந்ததில்லை.

கடந்த குறுவையில், நாற்றுப் பறிக்கும் நேரத்தில், மூன்று ஆண்டுகளே ஆன என் கைப்பேசியின் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும் வீட்டிலிருந்தே கொட்டகை மோட்டாரை ஓட விடுவது அந்தப் போன் வழியாகத்தான். மன்னார்குடியில் காட்டினேன். பின்பக்கக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் சூடாக்கித்தான் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது உடையலாம், பேட்டரியும் கிடைப்பது அரிது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். லித்தியம் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கினால் தேய்வது இயல்பு. தேயும் என்று தெரிந்த பொருளைக் கழற்ற முடியாதபடி ஒட்டி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று இரவுகள் டார்ச்சுடன் வயலுக்கு நடந்தேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. தொடுதிரைப் போன்களெல்லாம் இரண்டாம் நாளே அணைந்துவிட்டன. கும்பகோணத்துக்குப் பேருந்தில் போன ஒருவரிடம் ஐந்தாறு வீட்டுப் பட்டன் போன்களின் பேட்டரிகளை மட்டும் கழற்றி மஞ்சள் பையில் கொடுத்தனுப்பி, சார்ஜ் ஏற்றி வாங்கிக்கொண்டோம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று சொன்னவை அந்தப் பேட்டரிகள்தாம். 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ இன்றும் என் மனைவி வைத்திருக்கிறாள்; இதுவரை நான்கு பேட்டரி மாற்றியாகிவிட்டது, போன் ஒன்றுதான்.

தண்ணீர் புகாதிருக்கவே மூடி ஒட்டப்படுகிறது என்று பேரன் விளக்கினான். சேற்றில் போனைத் தவறவிடும் எங்களுக்கு அந்தப் பாதுகாப்பின் அருமை நன்றாகவே தெரியும். ஆனால் 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 தண்ணீரையும் தாங்கியது, அதன் மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியையும் எடுக்க முடிந்தது. இதை அவனிடம் சொன்னபோது தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டான்.

பிரான்ஸில் 2021 முதல் கைப்பேசியின் விலையோடு, பழுது நீக்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் காட்ட வேண்டும் என்பது சட்டமானது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2025 ஜூன் 20 முதல் இதற்கான தரக்குறியீடு கைப்பேசிகளின் லேபிளில் இடம்பெறுகிறது. நம் நாட்டிலும் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் கைப்பேசிகளும் இருந்தன. இங்கும் கைப்பேசிப் பெட்டியின் மேல் அந்த மதிப்பெண் அச்சாகும் நாள் வரை, தங்கள் அறிமுகப் பகுதியில் கேமராவுக்கும் திரைக்கும் மதிப்பெண் இடும் இடத்திலேயே, பேட்டரி மாற்ற என்ன செலவாகும், உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், மூடியைத் திறக்கச் சூடாக்க வேண்டுமா என்ற மூன்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திண்ணையில் வாதாட எங்கள் பிள்ளைகள் அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
விவசாயி, மன்னார்குடி வட்டம்