புகை மறைத்த சூடு

தூத்துக்குடி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் செய்கிறது.

கடல் சூடாகிறது என்கிறார்களே, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா என்று கேட்டிருந்தாய். இல்லை. கிரீன்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கில் ஒரு பெரிய திட்டு, உலகமே சூடான இந்த நூறு வருடத்தில் சற்றுக் குளிர்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் நீரோட்டம் தளர்ந்ததுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் சொல்கிறார்கள். அது எனக்குப் பழகாத கடல், விடு. நம் பக்கத்துக் கதையில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு.

தை, மாசியில் கொழும்பிலிருந்து மொரீஷியஸ் பக்கம் கப்பலில் போகும்போது பார்த்திருக்கிறேன். தொடுவானமே தெரியாது, பழுப்பேறிய வேட்டி மாதிரி ஒரு நிறம். பூமத்திய ரேகை தாண்டியதும் மழைமேகம் ஒரு பட்டையாகக் குறுக்கே கிடக்கும். அதில் நனைந்து வெளியே வந்தால் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். என்ஜின் ரூமிலிருந்து மேலே வரும் எங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

1999-ல் மாலத்தீவை மையமாக வைத்து இந்தப் புகைமூட்டத்தை அளந்தார்கள். விமானங்கள் பறந்தன, நம் சாகர் கன்யா ஆராய்ச்சிக் கப்பலும் போனது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், உங்கள் மதுரையில் பிறந்தவர். விறகடுப்பு, டீசல், நிலக்கரி என்று நிலத்தில் எரிந்ததையெல்லாம் வடகிழக்குக் காற்று கடல்மேல் கொண்டுவந்து கொட்டியிருந்தது. மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் புகை! கடலில் விழவேண்டிய வெயிலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அது மறித்தது. அதனால் இந்துமாக்கடலின் தெற்குப் பகுதி சூடான அளவுக்கு வடக்குப் பகுதி சூடாகவில்லை என்று 2006-ல் ராமநாதனும் இன்னொருவரும் எழுதினார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள அந்த வெப்ப வித்தியாசம் குறைந்தால் பருவமழையும் பலம் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

அதற்காக வடக்கெல்லாம் தப்பித்தது என்று நினைக்காதே. சோமாலியா பக்கம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் இடம் உனக்குத் தெரியும். அங்கே தொடங்கும் மேற்கு இந்துமாக்கடலில், 1901-லிருந்து 2012-க்குள் கோடை மாதங்களில் 1.2 டிகிரி ஏறியிருக்கிறது. காற்று, நீரோட்டம், பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை சூடேறும் எல் நினோ எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து அடியில் அடுப்பை மூட்டியது நாம்தான்.

இப்போது எங்கள் தொழிலுக்கு வருகிறேன். நாங்கள் கப்பல் என்ஜினில் எரித்த பர்னஸ் ஆயில் தார் மாதிரி இருக்கும்; சூடாக்கினால்தான் பம்ப்பில் ஏறும். அதில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்பது 2019 வரை விதி. புகைபோக்கி வழியாக வெளியே போன கந்தகத் துகள்களைச் சுற்றி மேகத்துளிகள் பொடிப்பொடியாக உருவாகும். மேகம் இன்னும் வெளுத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்குத் தெற்கே மலாக்கா நீரிணை நோக்கிப் போகும் கப்பல் பாதையில் அக்கம்பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் அடித்தது என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். எல்லாம் நம் புகையின் உபயம்.

2020 ஜனவரி 1 முதல் கந்தக வரம்பு 0.5 சதவீதம்தான். துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்கு நல்லது. கடலுக்கோ, இத்தனை நாள் மறைந்திருந்த வெயில் இப்போது நேராக விழுகிறது. புகை ஒன்றிரண்டு வாரத்தில் மழையோடு கரைந்துவிடும், கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அப்படியென்றால் புகையை விட்டிருக்கலாமே என்று ஒரு பழைய சகா வாதம் செய்தான். எனக்கு ஒப்பவில்லை. இருமலை விலைகொடுத்து வாங்கிய நிழல் அது. எரிப்பதைக் குறைக்காமல் புகையை மட்டும் வடிகட்டினோம், கோளாறு அங்கேதான்.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். தேதியை முன்கூட்டியே சொல். உன் மருமகனிடம் அந்தப் பழைய அட்லஸைக் கொடுத்தனுப்பு, பேத்தி கேட்கிறாள்.

அன்புடன்,
அந்தோணி