4எஸ் பேட்டரி கேட்டு வருகிறவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரிமோட் படகு வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து கேட்பது ஒன்றுதான்: "இன்னும் வேகமாப் போகணும், 4எஸ் பேட்டரி ஒண்ணு கொடுங்க." 4எஸ் என்றால் நான்கு செல்லை வரிசையாகக் கோத்த பேட்டரி, 3எஸ் என்றால் மூன்று செல். இனிமேல் படகைப் பார்க்காமல் 4எஸ் பேட்டரியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம். காசு கொடுக்கிறேன், பொருளை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு என்ன என்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் பதில் கொஞ்சம் நீளம். கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறோம்.

பெட்டியில் வரும் பிரஷ்லெஸ் படகு, அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 2000 கேவி. அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று, சுமை இல்லாதபோது. 3எஸ் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 11.1 வோல்ட், ஆக 22,200 சுற்று. தண்ணீரில் இறக்கியதும் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 40 மி.மீ. புரொப்பல்லர் போட்டால் படகு மணிக்கு 50 கி.மீ. பக்கம் ஓடும். அப்போது 45 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிதான் ஈ.எஸ்.சி.; 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. அதைத் தாங்கும்.

இப்போது வேறு எதையும் தொடாமல் 4எஸ் பேட்டரியை மாட்டுகிறீர்கள். வோல்ட் 14.8, சுற்று மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லருக்கு வேண்டிய சக்தி, சுற்று கூடும் அதே அளவில் கூடுவதில்லை. சுற்று கூடும் விகிதத்தை மூன்று தடவை போட்டுப் பெருக்கின கணக்கில் (4/3 × 4/3 × 4/3) ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்கு சுற்று கூடினால் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஆம்பியர் 45-இலிருந்து 80-க்குப் போகும். 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுக்குட்டையில் புகை வரும். "பேட்டரி சரியில்லை" என்று அப்புறம் கடைக்கு வந்தால், பேட்டரிமேல் ஒரு குற்றமும் இருக்காது.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 4எஸ் போடும்போது புரொப்பல்லரைச் சின்னதாக்குங்கள். அதே படகில் 36 மி.மீ. மாட்டினால், கணக்குப்படி, பழைய ஆம்பியரை ஒட்டியே இழுக்கும். வேகம் 60 பக்கம் வரும். பெரிய பேட்டரியோடு பெரிய புரொப்பல்லரையும் சேர்த்துக் கேட்கிறவர்கள்தான் இங்கே அதிகம். கூடவே அதற்கேற்ற ஈ.எஸ்.சி., மோட்டார், கனெக்டர் எல்லாம் வாங்குவதாக இருந்தால் சரி, அது வேறு படகு, வேறு விலை.

செலவே இல்லாமல் வேகம் கூட்டும் வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. படகைக் கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தின் பின்பாதியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம். பின்முனைக்குப் பக்கத்தில் பள்ளம் இருந்தால் படகு மூக்கைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டே ஓடும். மாறாக அங்கே வயிறு தள்ளியிருந்தால் குதித்துக் குதித்துப் போகும். கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி போட்டுச் சரிசெய்யலாம். பின்முனையின் விளிம்பு மட்டும் கூராக இருக்கட்டும். தேய்க்கிற வேகத்தில் அதை உருட்டிவிட்டால் தண்ணீர் அங்கே ஒட்டிக்கொண்டு படகைப் பின்னால் இழுக்கும்.

அடுத்தது எடை. 70 செ.மீ. நீளமுள்ள வி வடிவப் படகுக்கு, பின்முனையிலிருந்து 20, 21 செ.மீ. தள்ளி இரண்டு விரலால் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தினாலே போதும். ஓடும்போது இடமும் வலமும் மாறி மாறி ஆடினால் பேட்டரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுங்கள். மூக்கு தண்ணீரிலேயே ஒட்டியிருந்தால் பின்னால் இழுங்கள். புரொப்பல்லர் சாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பின்தாங்கி முதலில் அடிப்பாகத்துக்கு இணையாக இருக்கட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்தான். மூன்றை ஒன்றாகத் திருப்பிவிட்டு "எதனால சரியாச்சுன்னு தெரியலை" என்று வருகிறவர்களுக்கு எங்களாலும் பதில் சொல்ல முடியாது.

மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் வளையும் சாஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடைக்குப் பழுதுக்கு வரும் படகுகளில் பாதி அதனால்தான் வருகின்றன. கம்பி இழைகளை முறுக்கிச் செய்த கயிறு அது. ஒவ்வொரு நாள் ஓட்டி முடித்ததும் வெளியே உருவி, பழைய கிரீஸைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு நிறம் வந்தால் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது. நகத்தை இழைகள்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள், எங்காவது தடுக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது. அந்த சாஃப்ட் அதோடு முடிந்தது. நல்லதாக இருந்தால் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸைத் தடவித் திரும்ப விடுங்கள். விடும்போது, புரொப்பல்லரைப் பிடிக்கும் பிடிப்பானுக்கும் பின்தாங்கிக்கும் நடுவில் 2, 3 மி.மீ. இடைவெளி வையுங்கள். முழு வேகத்தில் கயிறு இன்னும் முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். இடைவெளி இல்லையென்றால் பிடிப்பான் தாங்கியில் உரசி, மோட்டார் சூடேறி, காரணம் தெரியாமல் மோட்டாரையே மாற்றுவீர்கள்.

ஒயரிலும் ஒரு விஷயம். பேட்டரி எட்டவில்லை என்று பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவிலுள்ள ஒயரை நீட்டாதீர்கள். ஈ.எஸ்.சி.யில் உள்ள கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போகும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள்.

முதல் ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஓடும்போதே படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அது நின்றால் குளிர்விக்கும் குழாயில் பாசி அடைத்திருக்கிறது. கரைக்கு வந்ததும் மோட்டார், ஈ.எஸ்.சி., கனெக்டர், பேட்டரி நான்கையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் புரொப்பல்லர் பெரிதென்று அர்த்தம். கொரோனா காலத்தில் வாங்கின நெற்றி தெர்மாமீட்டரை இதற்கு எடுத்து வருகிறார்கள். உடல் சூடு பார்க்கும் அளவில் அது பெரும்பாலும் 43 டிகிரிக்கு மேல் காட்டாது, பிரயோஜனமில்லை.

இனி நம் மலைக்கே உரிய சங்கதிகள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பெட்ரோல், நைட்ரோ எஞ்சின் படகுகள் அதனால் இங்கே சோர்ந்துபோகும். எலெக்ட்ரிக் மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. காற்றுத் தடையும் குறைவு, தண்ணீரும் சில்லென்று இருக்கிறது. ஆக, மலையில் ஓட்ட எலெக்ட்ரிக் படகுதான் தோது.

குளிரில் இடிப்பது பேட்டரி. டிசம்பர், ஜனவரிக் காலையில் குளிர்ந்துபோன லிப்போவை மாட்டி முழு வேகம் கொடுத்தால் வோல்ட் சட்டென்று இறங்கி, பேட்டரி தீர்ந்துவிட்டதாக ஈ.எஸ்.சி. நினைத்துக்கொள்ளும். ஓட்டும் வரை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். வீட்டுக்கு வந்த உடனே சார்ஜில் போடாதீர்கள், அறையின் சூட்டுக்கு வரட்டும். 5000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும், தூங்கப் போகும்போது போடவே கூடாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குளிர் காயும் நெருப்பில் போடுவதைக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து வேண்டாம். கடையில் கொடுங்கள், காசு கேட்க மாட்டோம்.

எங்கே ஓட்டுவது? கொடை ஏரி வேண்டாம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் உண்டாக்கிய அந்த ஏரியில் நாள் முழுக்கப் பெடல் படகும் துடுப்புப் படகும் போகின்றன. கூர்தீட்டிய புரொப்பல்லரோடு 60 கி.மீ. வேகத்தில் வரும் படகு ஒரு குழந்தையின் கையருகே போகக் கூடாது. பேரிஜம் பக்கம் யோசிக்கவே வேண்டாம். அது வனத்துறை இடம், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர்.

மிச்சம் இருப்பது தோட்டத்துக் குட்டைகள்தான். பூம்பாறை, வில்பட்டி, தாண்டிக்குடிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஆனால் குட்டையின் நீளத்தை முதலில் அடி வைத்து அளந்து பாருங்கள். 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16, 17 மீட்டர். 40 மீட்டர் பண்ணைக்குட்டையை உங்கள் படகு இரண்டரை வினாடியில் கடந்து கரையில் ஏறிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 3எஸ்-ஏ அதிகம், 4எஸ் எதற்கு? உண்மையைச் சொன்னால், இந்த அளவைக் கேட்ட பிறகு பாதிப் பேருக்கு நாங்கள் விற்பது புரொப்பல்லரும் கிரீஸும்தான்.

படகு கவிழ்ந்து நின்றுவிட்டால் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஷீட் விரித்த குட்டையின் கரை வழுக்கும், உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது, தண்ணீரும் உறையும் குளிர். தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசிப் படகை இழுத்துக்கொள்ளுங்கள். படகுக்குள் ஃபோம் துண்டுகள் அடைத்திருந்தால் முழுகாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்ட மறக்காதீர்கள். மூடுபனி இறங்கினால் உடனே கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வீட்டிலேயே இன்னொரு சோதனை: படகை ஸ்டாண்டில் வைத்து, கை படாமல் மெதுவாகச் சுற்றவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். புரொப்பல்லர் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீரில் இறக்காமல் நேராகக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

கடை விஷயம். படகைக் கொண்டு வந்தால் அடிப்பாகம், எடை, சாஃப்ட் மூன்றையும் பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. புரொப்பல்லரைக் கூர்தீட்டி, இரண்டு இறகும் ஒரே எடை வரும்படி ராவித் தருவதற்கு மட்டும் கூலி உண்டு. அது நின்று நிதானித்துச் செய்யும் வேலை, அன்றைக்கே வேண்டும் என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு லிப்போவைத் தரைவழிப் பார்சலில்தான் அனுப்புவோம், ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும்.

கீழேயிருந்து நேரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். சீசனில் சனி, ஞாயிறு வேண்டாம், வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. வார நாளில் காலையில் வந்தால் உட்கார்ந்து பேசலாம். படகோடு ரிமோட்டையும் எடுத்து வாருங்கள், அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அன்புடன்,
கடையிலிருந்து